கம்பியிலிருந்து ஓரடி தள்ளி

அன்புள்ள கண்ணாடிக்கு,

உன் கண்டக்டர் எழுதிக்கொள்வது. நான் நன்றாக இருக்கிறேன். கடிதம் என்றால் முதல் வரியில் எல்லோரும் இதைத்தான் எழுதுவார்கள். ஆனால் இந்த முறை நிஜமாகவே நன்றாக இருப்பதால் எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை. உன் மருமகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அவள் மேல் கோபித்துக்கொள்ளாதே. மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து போன் செய்தேன். மூன்று முறையும் நீ தூங்குவதாகச் சொல்லச் சொல்லியிருக்கிறாய். காலை பதினோரு மணிக்கு எந்த டிரைவர் தூங்குவான்? மூன்றாவது முறை நான் விடாமல் துருவியதும் அந்தப் பெண் அழுதுவிட்டாள். இடுப்பு ஆபரேஷன் முடிந்து நாலு மாதம் ஆகிறது, எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, தாராளமாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியும் நீ கட்டிலை விட்டு இறங்குவதில்லையாம். பயிற்சி கொடுக்க வீடு தேடி வருகிறவரை நாளைக்கு வா, நாளைக்கு வா என்று வாசலோடு திருப்பி அனுப்புகிறாயாம். இன்னும் இரண்டு மாதம் இப்படியே கிடந்தால் அப்புறம் நீயே நினைத்தாலும் எழுந்து நிற்க முடியாமல் போய்விடும் என்று டாக்டர் போன வாரம் சொன்னாராம். "மாமா யார் பேச்சையும் கேக்க மாட்டேங்கறாரு. நீங்க சொன்னா கேப்பாரு" என்றாள். இருபத்திரண்டு வருஷம் ஒரே பஸ்ஸில் வேலை பார்த்தும் நீ என் பேச்சை ஒரு நாள்கூடக் கேட்டதில்லை என்பது பாவம், அவளுக்குத் தெரியாது.

அதனால்தான் கடிதம். போன் வந்தால் தூங்குகிறேன் என்று சொல்லிவிடலாம். கடிதம் நீ விழிக்கும்வரை தலைமாட்டிலேயே கிடக்கும். எழுத்து பொடியாக இருந்தால் மருமகள் படித்துக் காட்டட்டும். அம்மாடி, நடுநடுவே உன் மாமனாரைத் திட்டியிருப்பேன். மரியாதை பார்த்து அந்த வரிகளை விட்டுவிடாதே, நன்றாகக் குரலெடுத்துப் படி.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன். போன வருஷம் நீ போன் செய்தபோதெல்லாம், தினமும் காலையில் பூங்காவைச் சுற்றி மூன்று சுற்று நடக்கிறேன் என்று அளந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? பூங்காவை நான் ஜன்னல் வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் ஓரத்து நாற்காலியில் எட்டு மாதம் உட்கார்ந்திருந்தேன். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. ஓடுகிற பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் டிக்கெட் கிழித்தவன், இப்போது குளியலறைக்குப் போக ஆள் பிடித்துக்கொள்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

நானும் விழுந்தேன். ஜன்னல் திரை சிக்கிக்கொண்டது, எக்கி இழுத்தேன், திரை கையோடு வந்துவிட்டது. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து பயம் பிடித்துக்கொண்டது. நாற்காலியை விட்டு எழுந்தாலே தரை நகர்வது மாதிரி இருக்கும். என் வீட்டுக்காரி, அதாவது உன் தங்கச்சியைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. நான் தண்ணீர் என்று நினைத்தால் போதும், டம்ளர் கைக்கு வந்துவிடும். செருப்பைக் குனிந்து போட்டுவிடுவாள். டிவி ரிமோட்டை மடியில் வைப்பாள். உடம்பு துடைக்கவும் வாளியை நாற்காலிக்கே கொண்டுவந்துவிட்டாள். நானும் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். எட்டு மாதத்தில் கால்சட்டைக்குள் கால் இருக்கிற அடையாளமே இல்லாமல் போயிற்று. ஒரு நாள் என்னைத் தூக்கி நிறுத்தப் போய் அவளும் சேர்ந்து கட்டிலில் சரிந்தாள், அவள் மணிக்கட்டு பிசகிவிட்டது. தன் கைக்கு வைத்தியம் பார்க்கப் போன இடத்தில் டாக்டரம்மாவிடம் என்னைப் பற்றியே பேசியிருக்கிறாள். கட்டுப் போட்ட கையோடு வீட்டுக்கு வந்து ஒரு சீட்டை நீட்டினாள். மாத்திரை எழுதியிருக்கும் என்று பார்த்தால், செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணி, உடற்பயிற்சி சிகிச்சை என்று எழுதியிருந்தது.

ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில், துணி வெளுக்கிற அறைக்கு அடுத்த அறை அது. எப்போதும் சோப்பு வாசனையும் கதகதப்பும் வரும். ஒரு சுவர் முழுக்க இடுப்பு உயரத்துக்குக் கம்பி, எதிர்ச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி, நடுவில் கைப்பிடி இல்லாத எட்டு நாற்காலி. நீ பார்த்திருந்தால் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்திருப்பாய். சொல்லிக்கொடுக்கிற அம்மாவுக்கு நாற்பது வயசு இருக்கும். குள்ளம், குரல் மட்டும் நம் டிப்போ ஒலிபெருக்கி. எதைச் செய்து முடித்தாலும் "இன்னும் ஒண்ணு" என்பாள். பத்து முறை என்று ஆரம்பித்து, பத்து முடிந்ததும் "இன்னும் ஒண்ணு" வரும். அதனால் அவளுக்கு 'இன்னொண்ணு' என்றே பெயர் வைத்துவிட்டோம். அவளுக்கும் தெரியும், கண்டுகொள்ள மாட்டாள்.

முதல் நாள் ஒரு சோதனை. நாற்காலியிலிருந்து எழுந்து, தரையில் மூன்று மீட்டர் தள்ளி ஒட்டியிருக்கிற மஞ்சள் பட்டைவரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். கடிகாரத்தை அழுத்திக்கொண்டு நின்றாள். எனக்கு ஐம்பத்திரண்டு விநாடி ஆயிற்று. நாம் மார்க்கெட் நிறுத்தத்தில் ஒரு வண்டி ஜனத்தை இறக்கி, அடுத்த கூட்டத்தை ஏற்றுகிற நேரம் அது. அவள் முகத்தைச் சுளிக்கவும் இல்லை, பரிதாபப்படவும் இல்லை. நோட்டில் ஐம்பத்திரண்டு என்று எழுதிவிட்டு, நாற்காலியில் இரண்டு மெத்தைத் தலையணையைப் போட்டு உயரமாக்கி, கையை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொன்னாள். ஐந்து முறை. அப்புறம், வேறென்ன, இன்னும் ஒண்ணு. வீட்டுக்கு வந்தபோது தொடை இரண்டும் பிடுங்கிப்போட்ட மாதிரி வலித்தது. அடுத்த வெள்ளிக்கிழமை போகமாட்டேன் என்று அடம்பிடித்தேன். உன் தங்கச்சி, கட்டுப் போட்ட கையை என் முகத்துக்கு நேரே காட்டினாள். போனேன்.

இனி நான் செய்த கூத்தைக் கேள். கம்பி ஓரமாக நின்று, ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு காலை வைத்து, கையை விட்டுவிட்டு நிற்க வேண்டும். மற்றவர்கள் மூன்று விநாடிக்கே தள்ளாடுவார்கள். நான் அரை நிமிஷம் நின்றேன். மூன்று வாரம் மார்தட்டிக்கொண்டேன். வகுப்பில் வாய்தா என்று ஒருவர் இருக்கிறார், கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர், எந்தப் பயிற்சியைச் சொன்னாலும் அடுத்த வாரம் செய்கிறேன் என்று தள்ளிப்போடுவார். அவரிடம், பஸ்ஸில் நின்ற கால் ஐயா இது, சும்மாவா என்று பீற்றிக்கொண்டேன். நாலாவது வாரம் இன்னொண்ணு எனக்குப் பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் இடுப்புக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு காகிதத்தை நுழைத்துப் பார்த்தாள். காகிதம் நுழையவில்லை.

உனக்குப் புரிந்திருக்கும். இரண்டு கையும் டிக்கெட்டுக்கு வேண்டும் என்பதால் இடுப்பை ஸீட் முதுகில் சாய்த்துக்கொண்டே நிற்போமே, அந்தப் பழக்கம். எனக்கே தெரியாமல் முழுப் பாரத்தையும் கம்பியில் போட்டிருக்கிறேன். "மூணு வாரமா கம்பிதான் நின்னிருக்கு, நீங்க நிக்கல" என்றாள். வாய்தா சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து துணிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு அசடு வழிந்தது. அப்போது யோசித்தேன், கண்டக்டராக இருந்த முப்பது வருஷமும் நான் எதையும் பிடிக்காமல் நின்றேன் என்பதே பொய்தானோ என்று. ஏதோ ஒரு ஸீட் என்னைத் தாங்கியிருக்கிறது. முன்னால் வண்டியை அலுங்காமல் ஓட்டிய ஒருவன் தாங்கியிருக்கிறான். பெருமை மட்டும் என்னுடையதாக இருந்தது.

அன்றைக்கு அவள் கம்பியிலிருந்து ஓரடி தள்ளி, தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். என் இடம் அதுதான் என்றாள். அந்தக் கோட்டில் நான் நின்றது இரண்டு விநாடி. அவள் என் பின்னால், முதுகுக்கு நாலு விரல் தள்ளிக் கையை வைத்துக்கொண்டு நிற்பாள். தொடமாட்டாள். ஆனால் கை அங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தக் கையை நம்பித்தான் இரண்டு நாலாகி, நாலு பத்தாயிற்று.

பிறகு ஒரு நாள் வீட்டைப் பார்க்க வந்தாள். வழுக்குகிற கால்மிதியை எடுத்துப் போடச் சொன்னாள், குளியலறையில் பிடிமானம் வைக்க இடம் காட்டினாள். நான் எழப்போனேன், வழக்கம்போல உன் தங்கச்சி ஓடிவந்தாள். இன்னொண்ணு அவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, அவர் எழுந்திருக்கும்போது நீங்கள் உட்கார்ந்துதான் இருக்க வேண்டும் என்று சொன்னாள். நீங்கள் எடுத்துக்கொடுக்கிற ஒவ்வொரு டம்ளரும் அவர் கால் பலத்திலிருந்து எடுத்தது என்றும் சொல்லிவிட்டாள். உன் தங்கச்சி முகத்தில் ஈயாடவில்லை. அந்த அம்மா போன பிறகு சமையலறையில் போய் அழுதாள். நானே உங்களை முடக்கிப்போட்டுவிட்டேனே என்று கேட்டாள். நான் அதுவரை அவளுக்கு ஆறுதல் சொல்ல எழுந்து போனதே இல்லை, அவள்தான் என்னிடம் வருவாள். அன்றைக்கு நாற்காலியிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்துச் சமையலறைவரை நானாகப் போனேன். போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியதில் சொல்ல வந்தது மறந்துபோயிற்று. அவள் அழுகையை நிறுத்திவிட்டு என் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு அவள் ஆளே மாறிவிட்டாள். ரிமோட்டை எட்டாத அலமாரியில் வைக்கிறாள். தண்ணீர் கேட்டால் குடம் இருக்கிற திசையைக் காட்டுகிறாள். காலையும் மாலையும் நான் எழுந்து உட்கார்வதை எண்ணுகிறாள், இவளும் இன்னும் ஒண்ணு போடக் கற்றுக்கொண்டாள். நான் ஒவ்வொரு முறை எழும்போதும் அவள் கை தன்னையறியாமல் முன்னால் வரும், உடனே இழுத்துக் கட்டிக்கொள்வாள். எனக்காக அவள் செய்தவற்றில் கஷ்டமானது இதுதான். அதை நான் இந்தப் பிறவியில் மறக்கமாட்டேன்.

எல்லாம் ஒரே ஏற்றமாக இருந்தது என்று நினைக்காதே. மூன்றாவது மாதம் காய்ச்சல் வந்து இரண்டு வாரம் படுத்தேன். திரும்பிப் போனால் பழையபடி இரண்டு தலையணையில் ஆரம்பம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாய்தா என் தோளில் தட்டி, வழக்கு தள்ளுபடி ஆகவில்லை, ஒத்திவைப்புதான் என்றார். அந்த மனுஷன் கதை இன்னும் வேடிக்கை. தரையில் விழுந்தால் எப்படி எழுவது என்று எங்களுக்கு ஒரு பயிற்சி உண்டு. ஒருக்களித்துப் புரண்டு, கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்ந்து, நாற்காலியைப் பிடித்து ஒரு காலை ஊன்றி எழ வேண்டும். அதை மட்டும் அவர் ஐந்து மாதம் தள்ளிப்போட்டார், பெஞ்சில் உட்கார்ந்து நாங்கள் தவழ்வதைப் பார்த்துச் சிரிப்பார். போன மாதம் வீட்டில் தனியாக இருந்தபோது விழுந்திருக்கிறார். நாங்கள் தவழ்ந்ததை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தி, இருபது நிமிஷத்தில் தானே எழுந்துவிட்டார். வெள்ளிக்கிழமை தாடையில் காயத்தோடு வந்து, சாட்சிகளுக்கு நன்றி என்று எங்கள் எல்லோருக்கும் கைகூப்பினார்.

இப்போது உன்னிடம் வருகிறேன்.

ஆறு வாரம் முன்னால் முதல் தடவையாக ஆட்டோவை விட்டுவிட்டு பஸ்ஸில் வீடு திரும்பினோம். படியேறிவிட்டேன். உட்கார இரண்டடி இருக்கும்போது கண்டக்டர் புறப்படச் சொல்லி இரண்டு மணி அடித்துவிட்டார். டிரைவர் எடுத்த எடுப்பில் கம்பியைப் பாய்ந்து பிடித்தேன், உன் தங்கச்சி என் சட்டையைப் பிடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. உட்கார்ந்த பிறகு அந்தக் கண்டக்டர் மேல் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. உன் ஞாபகம்தான் வந்தது.

அந்த மழை நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. மார்க்கெட் நிறுத்தம். தடி ஊன்றிய ஒரு பெரியவர் பின்படியில் இறங்கிக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்க்காமல் இரண்டு மணி அடித்தேன். நீ வண்டியை எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். நீ எடுக்கவில்லை. மூன்றாவது முறை கயிறு அறுந்துவிடும் போல இழுத்தேன். நீ கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் தடி படி இடுக்கில் மாட்டியிருந்தது. ஒரு கால் தரையில், ஒரு கால் படியில். அவர் தடியைப் பிடுங்கி, இரண்டு காலையும் தரையில் வைத்து, உன் பக்கம் பார்த்துத் தடியைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் நீ வண்டியை எடுத்தாய். டிப்போவில் நான் என்ன செய்தேன்? உன்னால் பதினோரு நிமிஷம் லேட் என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். "நீ டிரைவரா, நர்ஸா? எப்பப் பாரு கண்ணாடி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்துதான் உன் பெயர் கண்ணாடி. நீ கை கழுவப் போய்விட்டாய். என்னை அவசரம் என்று கூப்பிட ஆரம்பித்ததுதான் நீ எனக்குக் கொடுத்த ஒரே தண்டனை.

அன்று நீ என் மணியைக் கேட்டிருந்தால் அந்தப் பெரியவர் சக்கரத்துக்கு அடியில் போயிருப்பார். நான் அதற்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கியிருக்கமாட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி எத்தனை பேருக்கு நீ காத்திருந்தாய், எத்தனை முறை என்னைக் காப்பாற்றினாய் என்று எனக்குக் கணக்கே தெரியாது. ஒரு தடவைகூட நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், நன்றியப்பா. நேரில் சொல்லியிருந்தால் நீ பேச்சை மாற்றியிருப்பாய், அதனால் எழுத்தில் வைத்துக்கொள்.

அண்ணி போன பிறகு எழுந்து நடந்து எங்கே போகப்போகிறேன் என்று மருமகளிடம் கேட்டாயாம். அதற்குப் பெரிய பதில் என்னிடம் இல்லை. அண்ணி கையால் ஒரு வாய் காபி குடிக்க நானும் எவ்வளவு தூரமானாலும் வந்திருப்பேன். சின்னதாக ஒரு பதில் இருக்கிறது. வாசல்வரை போகலாம். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி நானும் உன் தங்கச்சியும் உன் வீட்டுக்கு வருகிறோம். ஒன்பது மணி நேர ரயில். அதற்காக இன்னொண்ணு என்னை மரப்படியில் ஏற்றி இறக்கிப் பழக்கிவிட்டாள். போன வாரம் மஞ்சள் பட்டைக்குப் போய்வர எனக்குப் பதினேழு விநாடி.

உன் கட்டிலிலிருந்து வாசல் கதவு அவள் காலுக்குப் பதினாலு எட்டு வைக்கிற தூரம் என்று மருமகள் அளந்து சொன்னாள். உன் காலுக்கு இருபத்தைந்து என்று வைத்துக்கொள். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. நாளைக்கு அந்தப் பயிற்சிக்காரர் வந்தால் உள்ளே விடு. முதல் நாள் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் போதும். வாக்கரைப் பிடிக்கச் சொன்னால் வெட்கப்படாமல் பிடி. பிடிமானத்தை எப்போது விடுவது என்று அவர் சொல்வார், அதை நீயாக முடிவு செய்யாதே. அவர் சொன்னதைச் செய்து முடித்ததும், எனக்காக இன்னும் ஒண்ணு.

பதினெட்டாம் தேதி காலை உன் வாசலுக்கு வந்து ஒரு மணி அடிப்பேன். கதவை நீதான் திறக்க வேண்டும். மருமகளே, நீ எழுந்திருக்காதே, உன் மாமனார் வரும்வரை உட்கார்ந்தே இரு. எவ்வளவு நேரமானாலும் சரி. நான் வெளியே, எதிலும் சாயாமல் நின்றுகொண்டிருப்பேன். இரண்டாவது மணி அடிக்கமாட்டேன்.

உனக்கும் பிள்ளைகளுக்கும் எல்லா நலமும் கிடைக்க வேண்டிக்கொண்டு,

உன்
அவசரம்